தேர் வடம்



தேர்த் திருவிழாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. தேரைப் பார்த்தவனாகப் பேசுவதா, தேரை இழுத்தவனாகப் பேசுவதா? இரண்டும் ஒன்றல்ல. பார்ப்பவனுக்குத் தேர் எதிரே வருகிறது. இழுப்பவனுக்கோ முதுகுக்குப் பின்னே வருகிறது. வடம் பிடித்தவன் அந்த நாள் முழுவதும் தேரையும் காண்பதில்லை, தேரில் எழுந்தருளியிருக்கும் தெய்வத்தையும் காண்பதில்லை. முன்னே இழுப்பவனின் வியர்வை வழியும் முதுகையே கண்டுகொண்டிருக்கிறான். இதை நான் பன்னிரண்டு வயதில் அறிந்தேன். அறிந்த விதத்தைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் வன்னியம்பட்டி. இராசபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, மேற்கே மலைத்தொடரும் சுற்றிலும் வயலும் தோப்புமாகக் கிடக்கும் ஊர். சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரை நோக்கிச் சிறிது தூரம் நடந்தால் கோபுரம் கண்ணில் படும். பதினோரு நிலைகளும் ஏறத்தாழ 192 அடி உயரமும் கொண்ட அந்தக் கோபுரத்தை நீங்கள் நேரில் கண்டிராவிட்டாலும், தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் நாள்தோறும் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு அது முத்திரை அன்று. வழிகாட்டும் மரம் போன்றது. "கோபுரம் தெரிகிற இடத்தில் இறங்கிக் கொள்" என்று சொன்னால் போதும்.

ஆடி மாதத்துப் பூர நாளில், துளசித் தோட்டத்தில் பெரியாழ்வாருக்குக் குழந்தையாகக் கிடைத்தவள் ஆண்டாள் என்பது வரலாறு. அந்தப் பூரத்தையொட்டிப் பத்து நாள் விழா நடைபெறும். ஐந்தாம் நாள் ஐந்து கருட சேவை. ஏழாம் நாள் ஆண்டாளின் மடியில் ரெங்கமன்னார் சாய்ந்திருக்கும் சயன சேவை. ஒன்பதாம் நாள் தேர். அன்று ஆண்டாளும் ரெங்கமன்னாரும் ஒரே தேரில் எழுந்தருளுவர். ஆண்டாளின் கையில் இருக்கும் பச்சைக் கிளியை நீங்கள் கவனித்ததுண்டா? அது நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவது. இலைகளால் உடல், மாதுளம்பூவால் அலகு. அவள் சூடிக் களைந்த மாலை சித்திரையில் மதுரை அழகருக்கும், புரட்டாசியில் திருப்பதி வேங்கடவனுக்கும் செல்கிறது. மாலை அவளிடமிருந்து ஊர் ஊராகச் செல்வது போல, ஆடிப்பூரத்தன்று ஊர் ஊராக மக்கள் அவளிடம் வருகின்றனர்.

தேரின் இயக்கத்தை இங்கே சிறிது விளக்க வேண்டும். இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். மாட்டு வண்டிக்கு ஏர்க்கால் உண்டு. மாடு திரும்பினால் வண்டியும் திரும்பும். மோட்டார் வண்டிக்குத் திருப்பும் சக்கரம் உண்டு. நம் பெருந்தேர்களுக்கு இவை எதுவும் இல்லை. அச்சு அசையாது, சக்கரம் நேராக மட்டுமே உருளும். அவ்வளவு பாரத்தை நான்கு தெரு முனைகளில் திருப்புவது எப்படி? முட்டுக்கட்டையால்தான். வைரம் பாய்ந்த மரத்தில் ஆப்புப் போலச் செதுக்கி, நீண்ட காம்பு வைத்த கட்டை அது. உருண்டு வரும் சக்கரத்தின் முன்னே அதைச் சற்றுச் சாய்த்து வைத்தால், சக்கரம் அதன் மேல் ஏறாமல் அதன் சாய்வையொட்டி வழுக்கித் திரும்பும். நேராக வைத்தால் தேர் நின்றுவிடும். ஆகவே தேரோட்டும் பாகன் மேலே இல்லை. சக்கரத்துக்கு ஒரு முழத் தொலைவில், குனிந்தபடி, பின்னோக்கி நடந்துகொண்டிருக்கிறான். தேரின் மேலே கடிவாளம் பிடித்து நிற்கும் மரப்பொம்மையைக் காட்டி, "அவர்தாம் ஓட்டுகிறார்" என்று குழந்தைகளிடம் சொல்வார்கள். நானும் பல காலம் நம்பியிருந்தேன்.

நின்ற தேரை அசைப்பது ஓடும் தேரை இழுப்பதினும் கடினம். நிலையாக இருக்கும் பொருளின் உராய்வு, நகரும் பொருளின் உராய்வை விட மிகுதி என்று உங்கள் பாடநூல் சொல்லும். அதற்காகப் பின்சக்கரங்களின் அடியில் நீண்ட மரங்களைக் கொடுத்து, மறுமுனையில் பலர் ஏறி மிதிப்பர். முன்னே ஆயிரம் கைகள் வடத்தை இழுக்க, பின்னே நெம்புமரம் உந்த, "கோவிந்தா" என்ற ஒலி எழும். அந்த ஒலி பக்திக்கு மட்டும் உரியதன்று. எல்லாரும் ஒரே நொடியில் இழுக்க வேண்டும் அல்லவா? அதற்கும் அதுவே தாளம்.

என் தாத்தா இளமையில் முட்டுக்கட்டை போட்டவர். இடக்கையில் சுண்டுவிரல் நகம் இல்லை. அதைப் பற்றிக் கேட்டால், "தேர் கொண்டு போயிற்று" என்பார். அதற்கு மேல் சொல்லமாட்டார். நான் ஏழாம் வகுப்புப் படித்த ஆண்டு, முதன்முறையாக என்னை வடம் பிடிக்க அழைத்துச் சென்றார். கிழக்கு வெளுக்கும் முன்னரே ஊரிலிருந்து நடந்தோம். ஆடிக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. பாட்டி கட்டித் தந்த புளிச்சோற்றுப் பொட்டலம் என் தோளில் தொங்கியது. வழியில் தாத்தா இரண்டே இரண்டு கட்டளைகள் இட்டார். "வடத்துக்கு உள்பக்கம் போகாதே, வெளிப்பக்கமாகவே பிடி. தேர் நகரும்போது திரும்பிப் பார்க்காதே."

கீழரத வீதியில் தேர் நின்ற கோலத்தைக் கண்டதும் எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. சீலைகளும் தொம்பைகளும் காற்றில் ஆட, அது தன் விருப்பத்துக்கு மூச்சு விடுவது போல இருந்தது. வடம் என் தொடையளவு பருமன். பிடிக்க இயலாமல் இரு கைகளாலும் தழுவிக்கொண்டேன். தேங்காய் நார் உள்ளங்கையை அறுத்தது. முதல் முறை இழுத்தோம், அசையவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை, என் கைகளுக்குள் கிடந்த வடம் உயிர் வந்தது போல் விறைத்தது. பின்னால் மரங்கள் நெரியும் ஓர் ஓசை. கூட்டம் முழுவதும் ஒரே உடலாக முன்னே சாய்ந்தது.

தெருவில் பாதி தூரம் சென்றிருப்போம். மாடிகளில் நின்ற பெண்கள் கைகூப்பிக் கண்ணீர் மல்க எதையோ பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்கள் பார்ப்பதை நான் மட்டும் பார்க்கவில்லையே என்ற எண்ணம் வந்தது. தாத்தாவின் சொல்லை மறந்தேன். ஒரு கையை விட்டுத் திரும்பினேன். வானத்தை மறைத்துக்கொண்டு தேர் வந்துகொண்டிருந்தது. ஆண்டாளின் முகம் தெரியவில்லை. உயரத்தில் ஒரு மாலையின் ஓரம் மட்டும் தெரிந்தது. அடுத்த நொடி பின்னால் வந்தவரின் கால் என் காலில் தட்ட, நான் வடத்தின் அடியில் குப்புற விழுந்தேன்.

விழுந்தவன் கண்ணுக்குக் கால்களைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. அந்தக் கால்கள் நிற்கமாட்டா, நிற்கவும் இயலாது. கத்தினேன். கோவிந்தா என்ற முழக்கத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்போது ஒரு கை என் அரைஞாணையும் டவுசரையும் சேர்த்துப் பற்றி, கோழிக்குஞ்சைத் தூக்குவது போலத் தூக்கி, ஒரு வீட்டுத் திண்ணையில் எறிந்தது. கருத்த, நரம்பு புடைத்த கை. மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு. நான் முகத்தைப் பார்க்கும் முன் அந்த மனிதர் மீண்டும் வடத்தோடு போய்விட்டார். முழங்காலில் தோல் பெயர்ந்திருந்தது, அவ்வளவுதான். புளிச்சோறு போயிற்று.

வீடு திரும்பியதும் பாட்டி கேட்ட முதற் கேள்வி, "தூக்கிவிட்டவர் யார்?" என்பது. தெரியாது என்றேன். "எந்த ஊர்? எந்தத் தெரு?" என்றாள். எந்தத் தெரு என்ற கேள்வியின் பொருள் கிராமத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். தாத்தா மட்டும், "வடத்தில் நின்றவர்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். பாட்டி மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை.

எல்லா ஊர்களிலும் இந்தப் பேச்சு இவ்வளவு எளிதாக முடிந்துவிடவில்லை. 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களுடன் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. கோயில் கதவு திறந்த பின்னும் தேர் வடம் எல்லாக் கைகளுக்கும் எட்டிவிடவில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில் வடம் பிடிக்கும் உரிமை குறித்த பூசலும் வழக்கும் திருப்பணியும் சேர்ந்து, தேர் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்றது. 2024ஆம் ஆண்டு ஆனியில்தான் மீண்டும் ஓடியது. அத்தனை ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்ற தேரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கறுப்புக் கயிறு நினைவுக்கு வருகிறது. பாட்டியின் கேள்விக்கு விடை கிடைக்கும் வரை அந்த மனிதர் காத்திருந்தால், நான் இன்று உங்களிடம் பேசிக்கொண்டிருக்கமாட்டேன்.

தேர் ஆபத்தானது என்பதையும் மறைக்கக் கூடாது. ஒடிசாவில் பூரி செகந்நாதரின் தேர்களை ஆண்டுதோறும் புதிதாகச் செய்கின்றனர். எதிர்ப்பட்டதை எல்லாம் நசுக்கிச் செல்லும் பெரும் ஆற்றலைக் குறிக்க, அத்தேரைக் கண்ட வெளிநாட்டார் அந்தத் தெய்வத்தின் பெயரையே ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக்கிவிட்டனர். நம் காலத்தில் நசுக்குவது சக்கரம் மட்டுமன்று. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், தஞ்சைக்கு அருகே களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரச, பதினொரு பேர் உயிரிழந்தனர். தேர் செல்லும் வழியில் மின்சாரத்தை நிறுத்துவதும் கம்பிகளை அகற்றுவதும் வெறும் சடங்கல்ல என்று அந்த விடியற்காலை காட்டியது.

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு இப்பொழுது இரும்புச் சக்கரங்கள். ஒரே நாளில் நான்கு வீதிகளையும் சுற்றி நிலைக்கு வந்துவிடுகிறது. நல்லதுதான். முட்டுக்கட்டை போடுபவரின் விரல்களுக்கும் நல்லது. ஆனால் மரச்சக்கர காலத்தில் தேர் நிலைக்கு வர நாட்கள் பல ஆகும். மாலையில் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கும். தேர் நின்ற தெருவுக்கு அன்று விருந்தாளி வந்தது போல் இருக்கும். வாசல் தெளித்துக் கோலமிட்டு விளக்கேற்றி வைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் திரும்பிச் சென்று, வேலை ஒழிந்தபோது மீண்டும் வந்து இழுப்பார்கள்.

அந்த ஆண்டும் அப்படித்தான். முழங்காலில் கட்டுடன் நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். தாத்தா மட்டும் மறுநாளும் அதற்கு மறுநாளும் நடந்து போனார். அந்தக் கையை எங்கேயாவது காண நேர்ந்ததா என்று நான் கேட்பேன், "எல்லார் கையும் வடத்தில் இருக்கிறது, எதைப் பார்ப்பது?" என்பார். ஒரு நாள் பிற்பகல், கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, ஊர்ப் பக்கமாக வந்த ஒருவர் வாசலில் நின்று எங்கள் ஆசிரியரிடம் தேர் நிலைக்கு வந்துவிட்டது என்று சொல்லிச் சென்றார். ஆசிரியர் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கணம் கைகூப்பினார். பிறகு கணக்கைத் தொடர்ந்தார்.