அம்மி பொளிந்த உளி

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டிக் கட்டைபறிச்சானில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச வருபவர் பள்ளிக்கால நினைவுகளைச் சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் அம்மியைப் பற்றிப் பேசப் போகிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், அம்மி பொளிகிற உளியைப் பற்றி.

எங்கள் சிறு வயதில், "அம்மி பொளியிறதோ, அம்மி!" என்று கூப்பிட்டுக்கொண்டு ஒருவர் ஒழுங்கையால் வருவார். அவருடைய பையில் ஒரு சுத்தியலும் நாலைந்து உளிகளும்தான். வழுவழுப்பாகிப் போன அம்மியை மரநிழலில் கிடத்தி, புள்ளி புள்ளியாகக் கொத்துவார். அவர் போன பிறகு அம்மம்மா தவிடு வைத்து அரைத்து, கல்துகள் போகும்வரை கழுவித்தான் மிளகாய் வைப்பார்.

பாடசாலையில் கனியங்களின் வன்மையைப் படித்தபோது எனக்கு அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். மோவின் அளவுத்திட்டத்தில் வைரம் 10, குவார்ட்ஸ் 7. கருங்கல்லில் குவார்ட்ஸ் நிறைய உண்டு. உளி செய்கிற உருக்கோ பெரும்பாலும் அதைவிடச் சற்று மென்மையானது. அப்படியானால் மென்மையான உளி கடினமான கல்லை வெட்டுவது எப்படி?

உண்மையில் உளி கல்லை வெட்டுவதில்லை, நொறுக்குகிறது. சுத்தியலின் அடி முழுவதும் ஒரு சிறு முனையில் குவிகிறது. கல் நசுங்கிச் சிறு சில்லாகத் தெறிக்கிறது. பலமான ஒரே அடியில் அம்மி பிளந்துவிடும். அளவான நூறு அடியில் முகம் திருந்தும்.

இரும்புக் கருவி இல்லாத காலத்திலும் இதே வழிதான். எகிப்தின் அஸ்வானில் டொலரைட் என்ற கல்லுருண்டைகளால் இடித்து இடித்தே கருங்கல்லைச் செதுக்கினார்கள். ஏறத்தாழ 42 மீற்றர் நீளமான தூண் ஒன்று வெடிப்புக் கண்டதால் இன்றும் அங்கே பாறையோடு கிடக்கிறது. மாமல்லபுரத்தில் பல்லவர் முடிக்காமல் விட்ட வேலைகளிலும் முறை தெரிகிறது. பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கோடுகளை ஆழமாகக் கொத்தி, இடையில் நிற்கும் சதுரங்களை உடைத்து எடுத்திருக்கிறார்கள்.

கல்லை நொறுக்கும் உளியும் தேயும். அதனால் கல்வேலை நடக்கும் இடத்தில் கொல்லனின் உலையும் வேண்டும். மழுங்கிய முனையை உலையில் சிவக்கக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நுனியை மட்டும் தண்ணீரில் தோய்ப்பார்கள். தோய்ச்சல் கூடினால் முனை உடையும்; குறைந்தால் மடங்கும். மினுக்கிய நுனியில் வைக்கோல் நிறம் ஏறும் கணத்தைக் கண்ணால் பார்த்து மறுபடி தோய்ப்பதுதான் கைப்பழக்கம்.

இன்று டங்ஸ்டன் காபைட் முனை வைத்த உளியும் வைரத்தூள் பதித்த வெட்டுச் சக்கரமும் வந்துவிட்டன. வேலை விரைவாகிறது, தூசும் பெருகுகிறது. அந்த நுண்தூசு நுரையீரலைத் தழும்பாக்கும். அந்த நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். தண்ணீர் விட்டு வெட்டுவதும் முகக்கவசம் அணிவதும் கட்டாயம். கல்வேலை செய்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

உளியின் வேலையைப் பார்க்க நாங்கள் மாமல்லபுரம் போகவேண்டியதில்லை. திருகோணமலைக் கோட்டை வாசலில் இணைக்கயல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டே கோட்டை கட்டினார்கள். இடித்தவர்களின் வாசலிலேயே செதுக்கியவரின் எழுத்து நிற்கிறது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் சுழியோடியபோது கடலுக்கடியிலும் கோயில் தூண்களைக் கண்டார்கள்.

2006இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது கையில் எடுக்கக்கூடியதை எடுத்தோம். அம்மியை யார் தூக்குவது? திரும்பி வந்தபோது கதவும் இல்லை, கூரையும் இல்லை. அம்மி மட்டும் பற்றைக்குள் கிடந்தது. கழுவி நிமிர்த்தினோம். ஆனால் அதைப் பொளிய ஆள் வரவில்லை. கல் தப்பியது, கைவேலை தப்பவில்லை என்று அன்றுதான் விளங்கியது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் கிரைண்டரில் அரைப்பவர்கள், அடுத்த முறை அம்மாவோடு கதைக்கும்போது அம்மி பொளிந்தவரைப் பற்றிக் கேளுங்கள். ஊரில் இருப்பவர்கள், உளி பிடித்தவர் எவரேனும் இருந்தால் தேடிப் போங்கள். ஒவ்வொரு உளிக்கும் அவர் சொல்லும் பெயரை, பிடிக்கும் விதத்தை, தோய்ச்சல் போடும் பக்குவத்தை எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். எங்கள் நூலகத்தில் அதற்கென்று ஒரு கோவை திறப்போம். முதல் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன். அந்த மனிதரின் பெயரை நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை என்றுதான் அது தொடங்கும்.