ஆஸ்பத்திரியில துணைக்கு இருக்கிற நாம கை கழுவணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நம்ம தீர்மான நோட்டைப் புரட்டினா, கடன் கேட்ட காரணத்துல 'மருத்துவச் செலவு' அடிக்கடி வரும். சில பேருக்கு அந்தச் செலவு, வந்த நோய்க்கு மட்டும் இல்ல. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ புதுசா ஒட்டிக்கிட்ட கிருமிக்கும் சேர்த்துதான்.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல ஒரு கணக்கு சொல்லியிருக்கு. ஆஸ்பத்திரியில சேர்ற 100 பேர்ல, பணக்கார நாடுகள்ல 7 பேருக்கும், நம்ம மாதிரி நாடுகள்ல 15 பேருக்கும் அங்கேயே புதுசா ஒரு தொற்று வருதாம். அப்படி வந்தவங்கள்ல பத்துக்கு ஒருத்தர் இறந்துடறாங்களாம்.

எங்க மாமியார் இடுப்பு எலும்பு உடைஞ்சு ஜெனரல் வார்டுல இருந்தாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. அஞ்சாம் நாள் குளிர்காய்ச்சல் வந்துடுச்சு. யூரின் டியூப் வழியா கிருமி போயிருக்குன்னு டாக்டர் சொன்னார். இன்னும் 10 நாள் இருக்க வேண்டியதாச்சு. எங்க வீட்டுக்காரருக்கு 10 நாள் கூலி போச்சு. குழுவுல 15,000 ரூபாய் கடன் வாங்கினோம். அந்த வார்டுல ராத்திரி முழுக்க ஒரே ஒரு சிஸ்டர். கை கழுவுற குழாயில பாதி நேரம் தண்ணி வராது.

கிருமி தானா நடந்து வராது. பெரும்பாலும் கை வழியாத்தான் ஒரு கட்டில்ல இருந்து இன்னொரு கட்டிலுக்குப் போகுது. வியன்னா நகரத்துல 1847-ல செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர் இதைக் கண்டுபிடிச்சார். பிணத்தை அறுத்துப் படிச்சிட்டு வந்த டாக்டர்கள் அதே கையால பிரசவம் பார்த்தாங்க. அந்த வார்டுல ஏப்ரல் மாசம் 100 தாய்மார்கள்ல 18 பேர் இறந்தாங்க. குளோரின் கலந்த தண்ணியில கை கழுவ வெச்சதும், ஜூன் மாசம் 2 பேராக் குறைஞ்சது.

துணைக்கு இருக்கிற நம்ம கையும் அதே கைதான். பக்கத்துக் கட்டில் பாட்டியைத் தூக்கி உட்கார வைப்போம், தண்ணி கொடுப்போம். அந்த நல்ல மனசை விட வேண்டாம். ஆனா கையைக் கழுவிட்டு நம்ம நோயாளியைத் தொடணும். சாப்பாடு கொடுக்கிறதுக்கு முன்னாடியும், மலம், மூத்திரம் எடுத்த பிறகும் சோப்புப் போட்டு ஒரு நிமிஷம் தேய்ச்சுக் கழுவணும்.

யூரின் பை இடுப்புக்குக் கீழே தொங்கணும், தரையில படக்கூடாது. டியூப் இன்னும் தேவையான்னு தினமும் கேளுங்க; எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறாங்களோ அவ்வளவு நல்லது. ஊசி குத்தி வெச்சிருக்கிற இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ உடனே சொல்லுங்க. ஆபரேஷன் கட்டை நாமளாப் பிரிக்கக்கூடாது, மஞ்சள் வைக்கக்கூடாது. கட்டில்ல உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குக் கூட்டிட்டுப் போக வேண்டாம்.

"சிஸ்டர், கை கழுவிட்டீங்களா?"ன்னு கேட்க நமக்குப் பயம். கோவிச்சுக்குவாங்களோ, நம்ம ஆளைக் கவனிக்காம விட்டுருவாங்களோன்னு. பேங்க் மேனேஜர் முன்னாடி உட்கார்ந்து கடன் கேட்டுப் பழகினவங்க நாம. தன்மையாக் கேட்டா பதில் சொல்லுவாங்க. தண்ணியோ சோப்போ இல்லைன்னா, தனியா ஒருத்தி கேட்கிறதை விட, கூட்டமைப்பு லெட்டர்ல எழுதிக் கொடுத்தா அதுக்கு மதிப்பு அதிகம். நம்ம ஆரம்ப சுகாதார நிலையம்னா கிராம சபையிலயும் பேசலாம்.

ஒரு கோரிக்கை வைக்கிறேன். இனிமே மருத்துவக் கடன் கொடுக்கிற அன்னைக்கு, துணைக்குப் போற பெண்ணுகிட்ட ஒரு சோப்பையும் கொடுத்து, இந்த விஷயங்களையும் சொல்லி அனுப்பணும். எல்லாக் குழுவும் இதைத் தீர்மானமா எழுதினா ரொம்ப சந்தோஷப்படுவேன்.