கொடிக்கயிறு யார் கையில்?



ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் கொடி ஏறுகிறது, மிட்டாய் வழங்கப்படுகிறது, பள்ளிப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். மகிழ வேண்டிய நாள்தான். ஆனால், கொடியை அண்ணாந்து பார்க்கும் கண்கள் ஒரு கணம் கீழிறங்கிக் கயிற்றையும் பார்க்கட்டும். அந்தக் கயிறு யார் கையில்? விடுதலையை அளக்கும் கோல் அதுதான்.

அடிமைப்பட்டு மீண்ட நாடுகளுக்கெல்லாம் இப்படி ஒரு நாள் உண்டு. பல்கேரிய மக்கள் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் துருக்கியப் பேரரசின் காலடியில் கிடந்தனர். 1878 மார்ச்சு 3-இல் சான் ஸ்டெஃபானோ உடன்படிக்கை கையொப்பமாயிற்று; விலங்கு ஒடிந்தது. இன்றும் அந்நாளே அவர்தம் தேசியத் திருநாள். ஆயினும், அதே ஆண்டு சூலையில் பெர்லினில் கூடிய வல்லரசுகள் அந்நாட்டைக் கூறுபோட்டன. முழு விடுதலையை அவர்கள் அறிவித்தது 1908-இல்! முப்பதாண்டுக் காத்திருப்பு! விடுதலை, ஒரே நாளில் வந்து இறங்கும் விருந்தாளி அல்ல. படிப்படியாக ஏறவேண்டிய மலை.

நம் மலையின் படி ஒன்று இதே சேலத்தில் வெட்டப்பட்டது. 1944 ஆகஸ்டு 27-இல் இங்குக் கூடிய மாநாட்டில் நீதிக்கட்சி, திராவிடர் கழகமாயிற்று. அன்று நிறைவேறிய அண்ணாதுரை தீர்மானம் கேட்டது என்ன? வெள்ளையன் தந்த பட்டங்களை வீசியெறி. பெயருக்குப் பின்னே தொங்கும் சாதி வாலை நறுக்கியெறி! அயலான் பூட்டிய விலங்கும் விலங்கே. அண்டை வீட்டான் பூட்டிய விலங்கும் விலங்கே!

1947 ஆகஸ்டு 15-ஐப் பெரியார் துக்கநாள் என்றார். அண்ணா இன்பநாள் என்றார். நாளைப்பற்றித்தான் கருத்து மாறுபட்டது. எளியவன் நிமிரவேண்டும் என்பதில் மாறுபாடு ஏது?

வெள்ளையன் கையிலிருந்த கயிறு பிறகு எங்கே போயிற்று? சென்னைக் கோட்டையில் மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் நிற்க, டெல்லி அமர்த்திய ஆளுநர் கொடியேற்றினார். கலைஞர் உரிமை கேட்டார். 1974 ஆகஸ்டு 15 முதல், இந்தியாவின் எல்லா முதலமைச்சர்களும் விடுதலை நாளில் கொடியேற்றும் உரிமை பெற்றனர். கேட்டது தமிழகம், பெற்றது இந்தியா!

அத்துடன் முடிந்ததா? இல்லை, தோழர்களே! 2020 ஆகஸ்டு 15-இல், திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், ஊராட்சித் தலைவராக இருந்த தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்மணியால் கொடியேற்ற முடியவில்லை, தடுத்தது சாதி! செய்தி வெளியாகி நாடு நாணியபின், மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். 2022-இல், தாழ்த்தப்பட்ட ஊராட்சித் தலைவர்கள் எவ்விதத் தடையுமின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்க என்று தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்கு ஆணை அனுப்பவேண்டியிருந்தது. விடுதலை பெற்று எழுபத்தைந்தாம் ஆண்டில் இப்படியோர் ஆணை! வெள்ளையன் கப்பலேறினான், சாதி கப்பலேறவில்லை.

கோட்டைக்குப் போன கயிறு குப்பத்துக்குப் போகவேண்டாமா? தறியோட்டும் கைக்கும், மரவள்ளி பிடுங்கும் கைக்கும், சாக்கடை அள்ளும் கைக்கும் அந்தக் கயிறு எட்டவேண்டாமா?

ஆகவே, உங்களுக்கு ஒரு பணி. ஆகஸ்டு 15-இல் ஊர்தோறும் கிராம சபை கூடும். அங்கே செல்லுங்கள். ஏற்றும் உரிமை உடையவர் ஏற்றுகிறாரா, பேசும் உரிமை உடையவர் அமர்ந்து பேசுகிறாரா என்று பாருங்கள். தடுப்பவன் உறவினனா? தட்டிக்கேளுங்கள். நம் கட்சிக்காரனா? உரக்கத் தட்டிக்கேளுங்கள்!

கொடி உயர்ந்தது 1947-இல். அதனை ஏற்றும் கை எல்லாம் உயரும் நாளே முழு விடுதலை நாள்.