சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்



வட அமெரிக்காவில் ஓய்வுபெற்ற முதியவர்களில் ஒரு பகுதியினரைப் 'பனிப்பறவைகள்' என்று அழைப்பார்கள். பனி கொட்டத் தொடங்கியதும் அவர்கள் வடக்கே உள்ள வீட்டைப் பூட்டிவிட்டுத் தெற்கே வெயில் காயும் மாநிலங்களுக்குப் போய்விடுவார்கள். வசதி உள்ளவர்களுக்கு அங்கே இரண்டாவது வீடு இருக்கும். வேறு சிலர் ஒரு சிறிய வீட்டைச் சக்கரத்தின் மேல் வைத்துக் கூடவே கொண்டு போகிறார்கள். அத்தகைய ஒரு தம்பதியருடன் நான் செய்த பயணத்தைப் பற்றியும், அப்போது நினைவுக்கு வந்த இரண்டு இலக்கியங்களைப் பற்றியும் இன்று உங்களோடு பேசலாமென்று நினைக்கிறேன்.

அந்தத் தம்பதியர் வேறு யாருமல்லர். என்னுடைய மூத்த அண்ணரும் அண்ணியுமே. அண்ணருக்கு அப்போது வயது 71, அண்ணிக்கு 67. இருவரும் மிச்சிகன் மாநிலத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர்கள். 2023 ஜனவரியில் அவர்கள் டெக்ஸாஸ் மாநிலத்துப் பூங்காக்களை நோக்கிப் புறப்பட்டபோது நானும் சேர்ந்துகொண்டேன்.

அவர்களுடைய மோட்டார் வீடு 25 அடி நீளமானது. ஒரு சிறிய பஸ் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கட்டில், குசினி, குளிர்சாதனப் பெட்டி, மலசலகூடம் எல்லாம் உண்டு. நல்ல தண்ணீருக்கு ஒரு தாங்கி, கழுவிய நீருக்கு ஒன்று, மலசலத்துக்கு இன்னொன்று. அடுப்புக்கும் அறையைச் சூடாக்கும் கருவிக்கும் எரிவாயு. மிச்சிகன் குளிரில் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாய்கள் வெடித்துவிடும் என்பதால், மாரி தொடங்குமுன் தண்ணீரை முழுவதும் வெளியேற்றிவிட்டு, உறையாத இளஞ்சிவப்பு நிறத் திரவம் ஒன்றைக் குழாய்களில் நிரப்பி வைக்கிறார்கள். குளிர் குறைந்த பகுதிக்கு வந்த பின்னரே அதைக் கழுவி அகற்றி, குழாயில் தண்ணீர் விடலாம். ஆகவே முதல் இரண்டு நாட்களும் போத்தல் தண்ணீரில்தான் எங்கள் சீவியம்.

மோட்டார் வீட்டுப் பயணம் என்றதும் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ஜோன் ஸ்டைன்பெக் நினைவுக்கு வருவார். 1960ஆம் ஆண்டு, தமது 58ஆவது வயதில், லொறி ஒன்றின் மேல் சிறு வீடு பொருத்தி, டொன் குவிக்ஸோட்டின் குதிரையின் பெயரான ரொசினாந்தே என்பதை அதற்குச் சூட்டி, சார்லி என்ற நாயுடன் அவர் அமெரிக்காவைச் சுற்றினார். 'சார்லியுடன் பயணங்கள்' என்ற அந்த நூல் 1962இல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் அவருக்கு நொபெல் பரிசும் கிடைத்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2010இல், பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் அதே பாதையில் சென்று ஆராய்ந்தார். ஸ்டைன்பெக் வண்டியில் தனியே உறங்கிய இரவுகள் நூலைப் படிப்பவர் எண்ணுவதை விடக் குறைவு என்பதையும், மனைவி எலேன் நூலில் காணப்படுவதை விடக் கூடிய நாட்கள் அவரோடு இருந்தார் என்பதையும் எடுத்துக்காட்டினார்.

இதனால் அந்த நூலின் அழகு குறைந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாய்க்குத் தலைப்பிலேயே இடம் கிடைத்தது. மனைவிக்குப் பாதையிற் பாதி கூடக் கிடைக்கவில்லை. தனிமனிதன் வீதியில் இறங்குவது கதையாகிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து போனால் அது வெறும் குடித்தனம் என்று எழுத்தாளர்கள் நினைக்கிறார்கள் போலும். நான் கண்டதோ அந்தக் குடித்தனத்தைத்தான்.

எங்கள் முதல் தங்குமிடம் ஒஸ்டின் நகருக்கு அருகிலுள்ள பாஸ்ட்ரொப் பூங்கா. அங்கே கல்லாலும் மரத்தாலும் கட்டப்பட்ட சிறு குடில்கள் இருக்கின்றன. 1930களின் பொருளாதார மந்த காலத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வேலையற்ற இளைஞர்களுக்காக ஓர் இயற்கைப் பாதுகாப்புப் படையை அமைத்தார். 1933 முதல் 1942 வரை சுமார் 30 இலட்சம் இளைஞர்கள் அதில் உழைத்தார்கள். மாதச் சம்பளம் 30 டொலர். அதில் 25 டொலர் நேரே பெற்றோருக்குப் போய்விடும். அமெரிக்காவின் மாநிலப் பூங்காக்கள் பல அவர்கள் கையால் உருவானவை. 2011 செப்டெம்பரில் பெருந்தீ ஒன்று இந்தப் பூங்காவின் பைன் காட்டை ஏறக்குறைய முழுவதும் எரித்தது. தீயணைப்பாளர் போராடி அந்தக் குடில்களைக் காப்பாற்றினார்கள்.

மாலை நாலு மணிக்கு இந்த முகாம்களில் ஒரு நாடகம் நடக்கும். வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி, மரங்களுக்கு நடுவே உரிய இடத்தில் நிறுத்த வேண்டும். கணவன் ஸ்டியரிங்கில் இருப்பான். மனைவி பின்னால் நின்று கைகாட்டுவாள். நாற்பது ஆண்டு தாம்பத்தியம் அந்த ஐந்து நிமிடத்தில் சோதிக்கப்படும்! எங்கள் வண்டியில் மட்டும் இடம் மாறியிருந்தது. ஸ்டியரிங்கில் அண்ணி, பின்னால் அண்ணர்.

காரணம் இதுதான். அதற்கு முந்திய ஆண்டு அண்ணருக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. அதுவரை அண்ணி அந்த வண்டியை ஓட்டியதேயில்லை. சிகிச்சை முடிந்து வீடு வந்ததும் அவர் வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கினாராம். "இவருக்கு வழியிலை ஏதும் நடந்தால் வண்டியை ஆர் வீட்டை கொண்டுபோறது?" என்பது அவருடைய கேள்வி. வசந்த காலம் முழுவதும் வெறுமையான வாகனத் தரிப்பிடங்களில் பழகியிருக்கிறார். தாங்கிகளைக் காலி செய்யவும், மின்கம்பியைப் பொருத்தவும், எரிவாயுவை மூடித் திறக்கவும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். பதிலுக்கு அண்ணர் குசினிக்குள் போனார். தகரத் தேங்காய்ப்பாலில் அவர் வைத்த சொதியை நான் சாப்பிட்டேன். புளி சற்றுக் கூட என்றாலும் சொதிதான்.

எல்லோரும் விருப்பத்தோடு இவ்வாறு திரிகிறார்கள் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. பூங்காக்களில் 'முகாம் உபசரிப்பாளர்' என்று தொண்டர்கள் இருப்பார்கள். வருவோருக்கு இடம் காட்டுவார்கள், துப்புரவு பார்ப்பார்கள். அவர்களுக்கு வண்டி நிறுத்த வாடகை இல்லை. அப்படியொரு முதிய தம்பதியர், வீட்டை விற்றுவிட்டதாகவும் இந்த வண்டியே இப்போது வீடு என்றும் எங்களிடம் சொன்னார்கள். 2008ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வீதிக்கு வந்த முதியவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017இல் எழுதிய 'நோமட்லாண்ட்' நூல் இத்தகையோரின் வாழ்க்கையையே சொல்கிறது. அதன் திரைவடிவம் 2021இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. உல்லாசத்துக்கு வந்தவரும் போக்கிடம் இல்லாதவரும் அருகருகே ஒரே மாதிரி வண்டியை நிறுத்தியிருப்பார்கள். வெளியில் நின்று பார்த்தால் வேற்றுமை தெரியாது.

அடுத்து மெக்சிக்கோ வளைகுடாக் கரையிலுள்ள கூஸ் ஐலண்ட் பூங்கா. ஆயிரம் வயதுக்கு மேற்பட்டதென மதிக்கப்படும் ஓக் மரம் ஒன்று அங்கே நிற்கிறது. 2017 ஓகஸ்டில் ஹார்வி சூறாவளி அந்தப் பகுதியைத் துவம்சம் செய்தபோதும் அது சாயவில்லை. ஆனால் நாங்கள் போனது பறவைகளைப் பார்க்க. ஏறத்தாழ ஐந்தடி உயரமான வெண்கொக்குகள் கனடாவிலிருந்து சுமார் 4,000 கிலோமீற்றர் பறந்து, மாரியைக் கழிக்க அந்தக் கரைக்கு வருகின்றன. 1941இல் அங்கு வந்தவை இருபதுக்கும் குறைவு. பாதுகாப்பு முயற்சிகளின் பயனாக இப்போது 500இற்கும் மேல். இவை பொதுவாக வாழ்நாள் இணை கொள்பவை. முட்டையை அடைகாப்பதிலும் குஞ்சைப் பேணுவதிலும் ஆணும் பெண்ணும் முறைவைத்துப் பங்குகொள்ளும். தாயும் தந்தையும் பழுப்பு இறகுடைய ஒரு குஞ்சுமாக மூன்று பறவைகள் சேற்று நிலத்தில் நண்டு தேடுவதைக் கண்டோம்.

எனக்குச் சத்திமுத்தப் புலவரின் ஞாபகம் வந்தது. பாண்டியன் தலைநகரிலே, போர்த்த ஆடையின்றிக் குளிரில் ஒடுங்கிக் கிடந்த அந்த ஏழைப் புலவர், ஊரில் இருந்த தம் மனைவியிடம் ஒரு நாரையைத் தூது அனுப்பினார். அந்த நாரை தன் பேடையோடு தெற்கே குமரிக்குப் போய், பேடையோடு வடக்கே திரும்பும் நாரை. பறவைக்கு வாய்த்த துணை தமக்கு வாய்க்கவில்லையே என்ற ஏக்கம் அப்பாடலின் அடியில் ஓடுகிறது. வறுமை இணையைப் பிரித்துவைத்தது.

இதை அண்ணரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அண்ணர் 1984இல் தனியாக நாட்டை விட்டுப் போனவர். அண்ணி கைக்குழந்தையோடு யாழ்ப்பாணத்தில் ஆறு ஆண்டுகள் காத்திருந்தார். அந்த ஆறு ஆண்டுகளை அவர்கள் இருவரும் வாயால் எண்ணுவதில்லை. நம்மிடையே அப்படிப் பிரிந்திருந்தவர்கள் எத்தனையோ பேர். அண்ணி சிறிது நேரத்தின் பின், "கொக்குக்கு விசா தேவையில்லைத்தானே" என்றார்.

கடைசியாக மேற்கே டேவிஸ் மலைப் பூங்காவில் தங்கினோம். அங்கே இரவு வானம் நட்சத்திரத்தால் நிரம்பியிருக்கும்; குளிரும் உறைநிலைக்குக் கீழே இறங்கும். பொழுதுபட முன் தண்ணீர்க் குழாயைக் கழற்றிச் சுருட்ட வேண்டும். உள்ளே குழாய்கள் உறையாதிருக்கக் குசினி அலுமாரிக் கதவுகளைத் திறந்துவைக்க வேண்டும். அந்த இரவில் யார் எதைச் செய்வது என்று அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் குழாயைச் சுருட்ட மற்றவர் கதவைத் திறந்தார். மறுநாள் அதுவே இடம் மாறி நடந்தது.

நேயர்களே, நம் குடும்பங்களில் ஓய்வு என்பது பெரும்பாலும் ஆணுக்குத்தான். பெண்ணுக்குக் குசினியில் ஓய்வூதியம் இல்லை. வங்கிக் கணக்கு அவருக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. மருந்துப் பெட்டி இவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஒருவர் கண்மூடியதும் மற்றவர் வீட்டிலேயே வழி தெரியாமல் நிற்பதை நாம் பல முறை கண்டிருக்கிறோம். துணையின் வேலையைத் துணை இருக்கும்போதே கற்றுக்கொள்வதற்கு மோட்டார் வீடும் வேண்டாம், டெக்ஸாஸும் வேண்டாம். இன்று இரவுச் சாப்பாட்டின் பின் ஒரு பாத்திரத்தையோ ஒரு சாவியையோ கைமாற்றிப் பார்க்கலாம்.