தகடும் தையலும்



பல்லேபொலவிலோ மாத்தளையிலோ ஒரு பாடசாலைச் சித்திரக் கண்காட்சிக்குப் போனால் இப்போது நீர்வண்ணத்தையும் பென்சிலையும் மட்டும் பார்த்துத் திரும்ப முடியாது. துணிமேல் வளைந்தோடும் செப்புக் கம்பி, பிஸ்கட் பைக்கற்றின் உள்பக்க வெள்ளித்தாள், சோடா டின்னில் வெட்டிய தகடு, கொஞ்சம் ஜிகினா, நடுவே ஊசிநூல் வேலை என்று எல்லாம் ஒரே சட்டத்துக்குள் இருக்கும். கீழே அட்டையில் ‘கலவை ஊடகம்’ என்று எழுதியிருக்கும். பார்க்கிறவர் “நல்லா மினுங்குது” என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டத்துக்கு நகர்ந்துவிடுவார்.

மினுங்குவது உலோகத்தின் இயல்பு. அதில் செய்தவரின் பங்கு ஒன்றும் இல்லை. அந்தத் தகடு ஏன் அங்கே வந்தது, துணியோடு எப்படிச் சேர்ந்தது என்பதில்தான் அவருடைய கையும் மூளையும் தெரியவேண்டும். அதை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன்.

உலோகமும் நூலும் கூடி ஒரு காரியம் செய்வது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. பல்லேபொலவிலிருந்து தெற்கே மாத்தளைக்கு வரும்போது, நகருக்குச் சற்று முன்னால் அலுவிகாரை இருக்கிறது. பௌத்த மறைநூல்கள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்ட இடம் என்று மரபு சொல்லும் குகை விகாரை அது. வருகிறவர்களுக்கு இன்றும் அங்கே எழுத்தாணியால் ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள். உலோக முனை ஓலையைக் கீறும். கரி மையைத் தடவித் துடைத்தால் எழுத்துத் தெரியும். பிறகு துளையில் கயிறு கோத்துக் கட்டினால்தான் அது சுவடியாகும். கயிறு கோக்காத ஓலைகளை யார் எந்த வரிசையில் படிப்பது?

விகாரை அமைந்த அதே அலுவிகாரை ஊரில் நம் காலத்திலும் ஒரு முயற்சி நடந்தது. எனா டி சில்வாவின் பெயரை நேயர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1922இல் பிறந்து 2015இல் மறைந்தவர். இலங்கையின் பத்திக் கலைக்கு 1960களில் புது முகம் கொடுத்தவர்களில் முதன்மையானவர். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய பென்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்புக் கூடத்துக் கூரையை நிறைத்தவை எனாவின் பத்திக் துணிகள்தான். பின்னாளில் அவர் தம் பூர்விக ஊரான அலுவிகாரைக்குத் திரும்பி, அங்கே இயங்கிய மரபுக் கைவினை நிலையத்தை நடத்தினார். ஊர்ப் பெண்கள் அங்கே துணிக்குச் சாயமிட்டார்கள், பூத்தையல் போட்டார்கள். மரவேலையும் பித்தளை வார்ப்பும் பக்கத்திலேயே நடந்தன. ஊசி பிடித்தவரும் உலை ஊதியவரும் ஒரே நிலையத்தில் வேலை செய்தார்கள்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், பழைய கண்டி இராச்சியத்தில் இந்த வேலைகள் தனித்தனிக் குலத்தாரிடம் இருந்தன. உலோகம் ஒருவர் கையில், அரச உடைகளின் தையல் இன்னொருவர் கையில். கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலில் உலோக வேலையையும் தையலையும் நெசவையும் சிற்பத்துக்குச் சமமாக வைத்து எழுதினார். கைவினை ஒரு படி கீழே, கலை ஒரு படி மேலே என்ற ஐரோப்பியப் பிரிவினையை அவர் ஏற்கவில்லை. இன்று கலவை ஊடகம் என்று நாம் சொல்லும் முறை, அந்த வேலைகள் எல்லாவற்றையும் ஒரே துணிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. அப்படியானால் அந்தந்த வேலைக்குரிய நுட்பத்தையும் கொஞ்சமாவது அறிந்திருக்கவேண்டும் அல்லவா?

ஒரு நுட்பத்தைச் சொல்கிறேன். சரிகை நூலை ஊசியில் கோத்துத் துணிக்குள் மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். சில இழுப்பிலேயே அதன் உலோகப் பூச்சு உரிந்து உள்நூல் வெளியே தெரியும். அசல் சரிகை என்பது தட்டையாக்கிய வெள்ளி இழையைப் பட்டுநூல்மேல் சுற்றித் தங்கமுலாம் பூசியது. அது உரசலைத் தாங்காது. அதனால் உலக முழுவதும் தையல்காரர்கள் ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்தார்கள். உலோக நூலைத் துணிக்குள் இழுக்காமல் மேலே கிடத்துவார்கள். வேறொரு மெல்லிய பட்டுநூலால் இடைவிட்டு இடைவிட்டு அதைத் துணியோடு கட்டுவார்கள். இடைக்கால இங்கிலாந்தின் தேவாலய அங்கிகளிலும் இந்த முறை உண்டு, வட இந்தியாவின் சர்தோசித் தையலிலும் உண்டு. இன்று மணப்பெண் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிறவர்கள் தடித்த சரிகைக் கயிற்றைப் பதிப்பதும் இப்படித்தான். மினுங்குவது ஒரு நூல், அதைத் தாங்குவது இன்னொரு நூல். தாங்குகிற நூல் எங்கே நெருங்குகிறது, எங்கே விலகுகிறது என்பதை வைத்தே தேர்ந்த கண் வேலையை மதிப்பிடும்.

சரிகையிலும் தரம் உண்டு. வெள்ளிச் சரிகை ஒரு தரம், செம்பை அடியாகக் கொண்டது அடுத்த தரம். மூன்றாவது, உலோக ஆவி படிந்த பிளாஸ்ரிக் இழை. காஞ்சிபுரப் பட்டு கிழிந்த பிறகும் அசல் சரிகைக்காக அதை விலை கொடுத்து வாங்கி உருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். செம்புச் சரிகை நாளடைவில் கறுக்கும். பிளாஸ்ரிக் இழை கறுக்காது, ஆனால் சூடு பட்டால் சுருங்கிவிடும். எது வேண்டும் என்பது நீங்கள் சொல்லவந்த விஷயத்தைப் பொறுத்தது. கறுக்கவேண்டும் என்றே செம்பைத் தேர்ந்தெடுக்கும் கலைஞர்களும் உண்டு.

இனி, உலோகத்தையும் தையலையும் வைத்து உலகமே திரும்பிப் பார்க்கும்படி செய்த ஒருவரைப் பற்றி. எல் அனாட்சுய் 1944இல் கானாவில் பிறந்தவர், நைஜீரியாவின் இன்சுக்கா நகரில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தவர். 1998இல் அந்த ஊருக்கருகே மதுப்போத்தல் மூடிகள் நிறைந்த ஒரு சாக்கு அவர் கண்ணில் பட்டது. அலுமினிய மூடிகளைத் தட்டையாக்கினார், மடித்தார், முறுக்கினார், துளையிட்டார். செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்தார். ஆயிரக்கணக்கான மூடிகள் சேர்ந்து சுவரை மறைக்கும் திரைகளாயின. 2007இல் வெனிஸ் நகரில் ஒரு மாளிகையின் முகப்பிலேயே அவற்றில் ஒன்று தொங்கியது. 2015இல் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியின் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது அவருக்குக் கிடைத்தது. 2023இல் லண்டன் டேட் மொடர்ன் அரங்கின் பெருங்கூடத்தை அவருடைய தொங்கல்கள் நிறைத்தன.

தூரத்திலிருந்து அவை பட்டாடைபோலத் தெரியும். கிட்டப் போனால் மூடிகளில் மதுவின் பெயர்கள். ஆபிரிக்கக் கரைக்கு ஐரோப்பியர் கொண்டுவந்த பண்டமாற்றுச் சரக்குகளில் மதுவும் ஒன்று. அடிமை வணிகத்தின் கணக்கிலும் அது சேர்ந்திருந்தது. ஆகவே மூடி அங்கே வெறும் மூடியல்ல, வரலாற்றின் ஒரு துண்டு. தையலுக்கும் அங்கே பெரிய வேலை இருக்கிறது. பற்றவைத்திருந்தால் அது விறைத்த தகடாகியிருக்கும். கம்பியால் தைத்ததால் மடிகிறது, சுருளுகிறது. எப்படித் தொங்கவிடவேண்டும் என்று அவர் கட்டளையிடுவதில்லை. மாட்டுகிறவர்களே மடிப்புகளைத் தீர்மானிக்கலாம். ஒவ்வொரு சுவரிலும் அது புது உருவம் எடுக்கிறது. மூடியையும் கம்பியையும் நீக்கிவிட்டு இந்தக் கலையைப் பற்றிப் பேசவே முடியாது.

நம் வீட்டு நிலைமைக்கு வருவோம். கண்காட்சிகளில் நான் காணும் குறை ஒன்று உண்டு. தகட்டைச் சூட்டுப்பசையால் ஒட்டிவிட்டு, அதன் ஓரத்தில் ஒப்புக்கு நாலு தையல் போடுகிறார்கள். தையல் அங்கே வேலையற்று நிற்கிறது. இன்னொன்று, பொருள்களைக் கடையில் வாங்குவது. கொழும்பில் பைக்கற்றில் விற்கும் மினுக்குப் பொருளை வைத்துச் செய்தால், எந்த ஊரில் செய்தாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

நம்மைச் சுற்றி என்ன இருக்கிறது? தோட்டத்து லயன்களின் கூரையிலிருந்து கழன்ற தகரம் இருக்கிறது. தேயிலைப் பெட்டிகளுக்குள் ஒருகாலத்தில் ஈயத்தகடும் பின்னர் அலுமினியத் தாளும் விரிக்கப்பட்டன. அந்த வரலாறு நம் மலைகளுக்கும் உரியது. சாராயப் போத்தல் மூடிகளும் குறைவில்லை. தோட்டக் குடும்பங்களுக்குச் சாராயம் என்ன செய்திருக்கிறது என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அனாட்சுயின் மூடியை நகலெடுப்பதில் பயனில்லை. அவர் தம் ஊர் வீதியைப் பார்த்ததுபோல நாம் நம் வீதியைப் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பயின்ற கலைஞர் ஹேமா ஷிரோனி, இடப்பெயர்வையும் வீடு என்ற நினைவையும் நூலால் துணிமேல் தைத்துக் காட்டுகிறார். சொந்த அனுபவத்துக்கு ஊசி போதும் என்பதற்கு அவருடைய வேலையே சான்று.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சோடா டின்னின் பக்கச்சுவர் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிப்புத்தான். சாதாரணக் கத்தரிக்கோலே வெட்டும், ஆனால் ஓரம் சவர அலகுபோல் கூர்மையாக இருக்கும். ஓரத்தை மடித்து, கரண்டியின் முதுகால் அழுத்திவிடுங்கள். ஊசியால் தகட்டை நேரே குத்தவேண்டாம். மென்மையான பலகைமேல் வைத்துக் குத்தூசியால் முதலில் துளையிடுங்கள். துளையின் மறுபக்கம் எழும் பிசிறு பருத்தி நூலை அறுத்துவிடும். அதைத் தட்டித் தட்டையாக்குங்கள், அல்லது நூலுக்குப் பதில் மெல்லிய கம்பியால் தையுங்கள். பழுதான மோட்டாரில் சுற்றியிருக்கும் செப்புக் கம்பி இதற்கு நல்லது. மென்மையானது, மேலே காப்புப் பூச்சும் இருக்கும். அந்தப் பூச்சை எரித்து நீக்க முயலாதீர்கள், புகை உடம்புக்கு ஆகாது.

மழைக்காலத்தையும் மறக்கக்கூடாது. ஈரத்தில் இரும்பு ஊசியைத் துணியில் விட்டால் துருக்கறை நிரந்தரமாகிவிடும். பித்தளை ஊசி பாதுகாப்பானது. பூச்சில்லாத செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். வெளிமுற்றத்தில் தொங்கப்போகும் வேலையானால் இதை முதலிலேயே யோசிக்கவேண்டும்.

நிறைவாக, ஒரு வேலையின் முன் நிற்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த உலோகத்துக்குப் பதில் தங்கநிறச் சாயம் பூசியிருந்தால் ஏதாவது குறைந்திருக்குமா? இந்தத் தையலுக்குப் பதில் பசை தடவியிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா? இரண்டுக்கும் பதில் ‘இல்லை’ என்றால், அது எவ்வளவு மினுங்கினாலும் அலங்காரம்தான். ஒன்றுக்காவது ‘ஆம்’ என்று வந்தால், அங்கே ஒருவர் யோசித்திருக்கிறார்.

சித்திர ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சியில் இந்த வகை வேலைகளைச் சுவரோடு சாத்தாதீர்கள். முன்பக்கத்தைப் போலவே பின்பக்கமும் தெரியும்படி கயிற்றில் தொங்கவிடுங்கள், புள்ளியிடும்போது பின்பக்கத்துக்கும் புள்ளி கொடுங்கள். எந்த முடிச்சு எதைத் தாங்குகிறது என்பது அங்கேதான் தெரியும். பிள்ளைகளும் அடுத்த முறை பசைப்போத்தலை எடுக்கும் முன் ஊசியை எடுப்பார்கள்.