வலி கண்ட பிறகும் நோன்பா?

 

ரமளான் வந்துவிட்டால் நம் வீடுகளில் நிறைமாதக் கர்ப்பிணிகளும் ஸஹருக்கு எழுந்து நோன்பு வைக்கிறார்கள். அந்த மார்க்கப் பற்று பாராட்டுக்குரியது. ஆனால் இடுப்பு வலி தொடங்கிய பிறகும், "மஃரிபுக்கு இரண்டு மணி நேரம்தானே, பொறுத்துக்கொள்ளம்மா" என்று மாமியார் சொல்ல, மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள் என்றால், அதை நாம் பேசித்தான் ஆக வேண்டும்.

ஒரு கேள்வி கேட்கிறேன். அஸருக்குப் பிறகு குழந்தை பிறந்துவிட்டால் அந்த நோன்பு என்னவாகும்? நிஃபாஸ் தொடங்கியதுமே நோன்பு முறிந்துவிடும். பிறகு களாச் செய்தே ஆக வேண்டும். இதில் ஹனஃபி, ஷாஃபி பேதமே இல்லை. அப்படியானால் நாவறளத் தண்ணீரின்றிக் கிடந்து அவள் எதைக் காப்பாற்றினாள்?

நோயாளிக்குத் திருக்குர்ஆன் (2:184, 185) சலுகை தருகிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உள்ள சலுகையை அனஸ் பின் மாலிக் அல்கஃபீ (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் காணப்படுகிறது. (நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) வேறு, இவர் வேறு.)

நோன்பால் வலி வந்துவிடுமா? யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு ஏறக்குறைய 25 மணி நேரம், தண்ணீரும் கிடையாது. அந்த நோன்பை ஒட்டிப் பிரசவங்கள் கூடுவதை ஜெருசலேம் மருத்துவர்கள் 1983இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார்கள். நமது ரமளான் நோன்பு பற்றிய 22 ஆய்வுகளை 2018இல் தொகுத்துப் பார்த்தபோது, குறைப்பிரசவம் கூடியதாகத் தெரியவில்லை. எனவே எல்லாக் கர்ப்பிணிகளையும் பயமுறுத்த வேண்டியதில்லை. உடல்நலமுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு நோற்கலாம்.

ஆனால் உடலில் நீர் வற்றினால் கருப்பை சுருங்கி வலி எடுப்பதுண்டு. தண்ணீர் குடித்துப் படுத்தால் பலருக்கு அது அடங்கிவிடும். அடங்காமல் நெருங்கி நெருங்கி வந்தால் அது பிரசவ வலி. குடிக்கவே மாட்டேன் என்பவர் இதை எப்படிப் பிரித்தறிவார்?

வலி, பனிக்குடம் உடைதல், உதிரப்போக்கு, வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைதல் – எதைக் கண்டாலும் அந்த நிமிடமே நோன்பை விடச் சொல்லுங்கள். 108ஐ அழையுங்கள். ஏழாம், எட்டாம் மாதத்தில் வலி வந்தால் இன்னும் அவசரம். குளுக்கோஸ் ஏற்ற வரும் நர்ஸிடம் "நோன்பு" என்று கையை இழுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. நிறைமாதப் பெண்ணை அஸரிலிருந்து அடுப்படியில் நிறுத்தி வடை சுடச் சொல்லிவிட்டு, தராவீஹ் எட்டா, இருபதா என்று பள்ளிவாசலில் மல்லுக்கு நிற்கிறோமே, இது நியாயமா?

கர்ப்ப காலத்தில் விட்ட நோன்புகளுக்குக் களா போதும் என்பது ஹனஃபி மத்ஹப். குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால் ஃபித்யாவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபி மத்ஹப். ஃபித்யா மட்டுமே போதும் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்து. பிள்ளை பிறந்து, தாய் தேறிய பிறகு உங்கள் ஊர் ஆலிமிடம் நிதானமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.