பள்ளியை விட்டு வெளியேறும் முன்



பள்ளி இறுதித் தேர்வில் தேறிய பிள்ளைக்குக் கூட்டுவட்டியின் சூத்திரம் மனப்பாடம். ஆனால் கடைத்தெருவில் ஒருவர் 'மூன்று வட்டி' என்று கடன் கொடுக்க முன்வந்தால், அஃது ஆண்டுக்கு நூற்றுக்கு 36 என்பது அப்பிள்ளைக்கு உடனே தோன்றுவதில்லை. 10,000 ரூபாய்க்கு மாதம் 300, ஓராண்டில் 3,600, முதலோ அப்படியே நிற்கும். வீட்டில் தமிழும், பள்ளியில் மலையாளமும், வங்கித் தாளில் ஆங்கிலமுமாக வாழும் நம்மவர்க்கு, விளங்காத தாளில் ஒப்பமிடும் ஆபத்துச் சற்று அதிகம்.

இத்தகைய வாழ்க்கைப் பயிற்சியை எங்கே பெறுவது? 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்பினர் பத்து நாட்கள் புத்தகப் பையின்றித் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் சென்று பழகவேண்டும் என்கிறது. கொச்சியில் அதற்கு இடத்துக்குக் குறைவில்லை. மட்டாஞ்சேரியின் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் வாணிகம் செய்த பழங்கிடங்குகள் நிற்கின்றன. அடுத்துள்ள கோட்டைக் கொச்சியில், தமிழ்க் குடும்பங்கள் நடத்தும் சலவைத்துறை இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் அவர்களுடைய முன்னோர் இங்கு வந்தனர் என்பர். அங்கே துணி உலர்த்தக் கவ்விகள் வேண்டுவதில்லை. இரட்டைக் கயிற்றின் முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் அது நழுவாது. உராய்வைப் பற்றி இதைவிட நல்ல பாடம் எந்தப் பௌதிக நூலில் இருக்கிறது?

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. 1953இல் சென்னை இராஜ்யத்தில் இராஜாஜி அரசு, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்றொரு திட்டம் கொண்டுவந்தது. மக்கள் அதனைக் குலக்கல்வி என்று எதிர்த்தனர். 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். எதிர்த்தது முற்றும் நியாயமே. சலவைத் தொழிலாளியின் மகனைச் சலவைத்துறைக்கே அனுப்புவது கல்வியாகாது. அவன் அதனை வீட்டிலேயே அறிவான். அங்கே அனுப்பவேண்டியது கிடங்கு முதலாளியின் மகனை. தன் சட்டையைத் தானே துவைத்துத் தேய்க்க அவன் கற்கட்டும். சலவைத் தொழிலாளியின் மகள் கிடங்கின் பேரேட்டையும் வங்கியின் கடன் தாளையும் பிரித்துப் பார்க்கட்டும்.

எறணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது, பெரும் சாதனைதான். எனினும் எழுத்துக் கூட்டிப் படிப்பது வேறு, நிபந்தனையைப் படித்துப் பேரம் பேசுவது வேறு.

ஆகவே இறுதி வகுப்பில் ஒரு நாள், நிரப்பப்படாத கடன் பத்திரம் ஒன்றை மாணவர் கையில் கொடுக்கவேண்டும். வட்டி எங்கே, தவணை தவறினால் அபராதம் எங்கே, பிணை நிற்பவரின் பொறுப்பு எங்கே என்று அவர்களே கோடிட்டுக் காட்டட்டும். ரிசர்வ் வங்கி விதித்தபடி, 2024 அக்டோபர் முதல் தனிநபர் கடன் தரும் வங்கிகள், ஆண்டு வட்டியையும் கட்டணங்களையும் காட்டும் சுருக்கத் தாளொன்றைக் கடன் பெறுவோருக்கு விளங்கும் மொழியில் தரவேண்டும். "எனக்குத் தமிழில் தாருங்கள்" என்று வங்கி மேசை முன் நின்று கேட்பதற்கும் அவ்வகுப்பிலேயே ஒத்திகை நடக்கட்டும்.